குதிரைக்கு வலப்பக்கம் இரண்டு பேர்

துபாயில், அல் கூஸில் உள்ள அந்தக் கண்காட்சிப் பட்டறையில் மூன்று மாதமாக இரண்டு பேர் பேசிக்கொள்ளாமல் வேலை பார்த்தார்கள். ஒரே பலகையின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்கும்போதுகூட, ஸ்டோர்கீப்பர் சாகிர் பாய் நடுவில் வந்துதான் ஒருவர் பேச்சை மற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

“பாய், அந்த ஆள்கிட்ட க்ளாம்ப்ப இறுக்கச் சொல்லுங்க” என்பார் வீரபாண்டி.

“அது அப்பவே இறுக்கியாச்சுன்னு அந்த ஆள்கிட்ட சொல்லுங்க பாய்” என்பார் நாகலிங்கம்.

சாகிர் பாய் கீழக்கரைக்காரர். வாய் சும்மா இருக்காது. “நான் ஸ்டோரப் பாக்கவா, உங்களுக்குத் தபால் குடுக்கவா? கம்பெனிகிட்ட எனக்கு இன்னொரு சம்பளம் கேட்டு வாங்கிக் குடுங்கய்யா. இல்லன்னா கலாஸ், என் வேல முடிஞ்சுது, ரெண்டு பேரும் கையாலயே ஜாடை காட்டிக்கங்க.”

பக்கத்து மேசைக்காரர்கள் சிரிப்பார்கள். இவர்கள் இருவரும் சிரிக்க மாட்டார்கள். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. இருபது வருஷத்துக்கும் மேலாக ‘மச்சான்’, ‘மாப்ள’ என்று ஒருவர் இல்லாமல் ஒருவர் சாப்பிடாதவர்கள் அவர்கள்.

வீரபாண்டி துபாய்க்கு வந்தது ஷட்டரிங் தச்சராக. இன்றைக்குக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும் கட்டடங்கள் சிலவற்றில், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகை அடைத்த கைகளில் அவருடைய கையும் உண்டு. கட்டி முடித்த பிறகு அந்தக் கட்டடங்களுக்குள் அவர் போனதில்லை. அதைப் பற்றி அவருக்கு வருத்தமும் இல்லை. “நம்ம வேல முடிஞ்சா பலகையப் பிரிச்சுக்கிட்டு அடுத்த சைட்டுக்குப் போயிட வேண்டியதுதானே” என்பார். பிறகு வெயிலில் நின்று நின்று முதுகு விட்டுப்போனபோது, அவரை இந்தப் பட்டறைக்கு இழுத்துவந்தவர் நாகலிங்கம். இங்கே ஏ.சி. உண்டு. தெர்மாகோலைச் செதுக்கி, அதன்மேல் ஃபைபர் பூசி, பெயின்ட் அடித்தால் யானையும் ஆகும், அரண்மனையும் ஆகும். அந்த வேலையை வீரபாண்டி நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டார்.

இருவருக்கும் ஊர் ஒன்றுதான், சிவகங்கைப் பக்கம். ஒரே கேம்ப், ஒரே ரூம், ஒரே மெஸ். வெள்ளிக்கிழமையானால் ஊர்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே அண்டாவில் கறிக்குழம்பு வைப்பார்கள். கடைசியாகச் சொந்தமும் ஒன்றாகிவிடும் போலிருந்தது. வீரபாண்டியின் ஒரே மகள் சந்தியாவுக்கும் நாகலிங்கத்தின் மகன் முகிலனுக்கும் போன தை மாதம் தட்டு மாற்றி நிச்சயம் செய்தார்கள். சந்தியா மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். முகிலன் சவுதியில், ஜுபைலில், ஒரு ரசாயன ஆலையில் டெக்னீஷியன். வருகிற தையில் கல்யாணம்.

இந்த நல்ல காரியத்தைக் கெடுத்தது ஒரு முழத் துணி.

அவர்கள் ஊரில் கோயில் உரிமையை வகையறா வகையறாவாகப் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பங்குக்குக் கரை என்று பெயர். வீரபாண்டி வடக்குக்கரை, நாகலிங்கம் தெற்குக்கரை. ஆனித் திருவிழாவில் தேர் கிளம்புவதற்கு முன்னால் இரண்டு கரையின் மூத்தவர்களுக்கும் பூசாரி தலையில் பரிவட்டம் கட்டுவார். முதலில் வடக்குக்கரை, அடுத்தது தெற்குக்கரை. இந்த வருஷம் தேரைப் புதுப்பித்ததில் தங்கள் பங்குதான் அதிகம், ஆகவே முதல் பரிவட்டம் தங்களுக்கே என்று தெற்குக்கரை கேட்டது. விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றது வடக்குக்கரை. வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, தேரே ஓட வேண்டாம் என்று அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். அதோடு முடியவில்லை. இனிமேல் அந்தக் கரையில் பெண் எடுப்பதுமில்லை, கொடுப்பதுமில்லை என்று இரண்டு கரையும் தனித்தனியாகக் கூடித் தீர்மானம் போட்டன.

இதில் வேடிக்கை என்னவென்றால், வடக்குக்கரையின் மூத்த வாரிசு வீரபாண்டிதான். அந்தப் பரிவட்டம் ஏற வேண்டியது அவர் தலையில். ஆனால் அவருடைய அப்பா காலமான நாளிலிருந்து ஒரு ஆனிக்குக்கூட அவருக்கு லீவு கிடைத்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் தம்பிதான் அவருக்குப் பதிலாகத் தலை குனிந்து வாங்கிக்கொள்வார். அவர் தலை இங்கே ஹெல்மெட்டைச் சுமந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு தடவையாவது அந்தத் துணியின் ஈரத்தை நெற்றியில் உணர வேண்டும் என்பது அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஆசை. அதனால்தான் கரையின் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் கொதித்தபோது அவரும் கொதித்தார். “உசுரு போனாலும் முதல் பரிவட்டம் நம்மளுது” என்று அவர் குரலில் போன செய்தி தெற்குக்கரைக் குழுவுக்கும் போய்ச் சேர்ந்தது. நாகலிங்கம் அதைக் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு அடுத்த ரூமுக்குப் போய்விட்டார். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து கேம்ப் சமையலறையில் இரண்டு குழம்பு கொதித்தது.

அப்போதுதான் பட்டறைக்கு அந்த ராஜா வந்தார்.

ஷார்ஜாவில் நடக்கப்போகும் ஒரு கண்காட்சிக்காகக் குதிரைமேல் உட்கார்ந்த ஒரு இளம் ராஜாவையும், குதிரையின் இரு பக்கமும் நிற்கும் இரண்டு வணிகர்களையும் செய்துகொடுக்க வேண்டும். வடிவமைப்பாளர் தாமரை, கோயம்புத்தூர்ப் பெண். கணவனோடும் குழந்தையோடும் ஷார்ஜாவில் இருக்கிறவள். எதற்காகச் செய்கிறோம் என்று தெரியாமல் செய்தால் பொம்மையின் முகத்தில் உயிர் வராது என்பது அவள் கட்சி. அதனால் டீ நேரத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, கதையைத் தமிழிலேயே சொன்னாள்.

“சைப்ரஸ்னு ஒரு தீவுங்க. மத்தியதரைக் கடல்ல இருக்குது. எழுநூறு வருஷத்துக்கு முன்னால அது தனி ராஜ்யம். எதிர்க்கரையில பெரிய துறைமுகமெல்லாம் போர்ல போனதும், வியாபாரிங்க மொத்தமும் இந்தத் தீவுல வந்து எறங்கிட்டாங்க. ஃபமகுஸ்தான்னு அதோட துறைமுகம். சர்க்கரை, பட்டு, வாசனைச் சாமான், நம்ம பக்கத்து மொளகுகூட அது வழியாத்தான் போச்சுன்னு வெச்சுக்கங்களேன். பல நாட்டுக்காரங்க, பல பாஷை.”

“அப்ப துபாய் மாதிரி” என்றார் சாகிர் பாய்.

“அதேதானுங்க பாய். அந்த ஊர் வியாபாரி ஒருத்தர் தன் மகளோட நிச்சயத்துக்குப் போட்ட நகை, ஃபிரான்ஸ் ராணியோட நகையெல்லாம் சேர்த்தாலும் வராதுன்னு ஒரு பயணி எழுதிவெச்சிருக்காரு.”

நிச்சயம் என்ற சொல் வந்ததும் வீரபாண்டி டீக் குவளையைக் கீழே வைத்தார். நாகலிங்கம் வேறு எங்கோ பார்த்தார்.

“அந்த ஊர்ல ரெண்டு பெரிய கூட்டம். ஜெனோவாக்காரங்க, வெனிஸ்காரங்க. ரெண்டும் இத்தாலிப் பக்கத்துத் துறைமுக நாடுங்க. ராஜா முடிசூட்டிக்கிட்டுக் குதிரையில வர்றப்ப, கடிவாள வாரைப் பிடிச்சு நடக்குற மரியாதை இவங்களுக்கு. வலப்பக்கம் ஜெனோவா, இடப்பக்கம் வெனிஸ். வலப்பக்கம்தான் உசத்தி. ரொம்ப நாளா அப்படியே நடந்துட்டு வந்துச்சு. இந்தச் சின்ன ராஜா முடிசூட்டின அன்னைக்கு, வெனிஸ்காரங்க திடீர்னு வலப்பக்கத்து வாரைப் பிடிச்சுட்டாங்க.”

“பிடிச்சா?” என்று யாரோ கேட்டார்கள்.

“பிடிச்சதுலதாங்க எல்லாம் போச்சு. மீதிய பொம்மை நின்னதுக்கப்புறம் சொல்றேன். வீரபாண்டிண்ணா, நீங்க ஜெனோவாக்காரரைச் செய்யுங்க. நாகலிங்கண்ணா, நீங்க வெனிஸ்காரரை.”

தெரியாமல்தான் அப்படிப் பிரித்தாள். சாகிர் பாய் தலையைத் திருப்பிச் சிரிப்பை அடக்கினார்.

இருவரும் வைராக்கியமாக வேலை செய்தார்கள். இவர் தாடியைச் செதுக்கினால் அவர் மோதிரத்தைச் செதுக்குவார். குதிரையை வீரபாண்டியே முடித்தார். லாரியில் ஏற்ற வசதியாக மேடையை முன்துண்டு, பின்துண்டு என்று இரண்டாகச் செய்தார்கள். முன்துண்டு வீரபாண்டிக்கு, பின்துண்டு நாகலிங்கத்துக்கு. பொம்மைகளின் பாதத்தில் இரும்புக் கம்பி இருக்கும். மேடையில் அதற்குத் துளை போட வேண்டும். அன்றைக்கு சாகிர் பாய் வேறு சைட்டுக்குச் சாமான் கொண்டுபோயிருந்தார். அவரவர் துண்டில் அவரவர் துளையிட்டு, துணி சுற்றி, பெட்டியில் அடைத்துவிட்டார்கள்.

புறப்பட வேண்டிய வியாழக்கிழமைக்கு முந்தைய நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், ஊரிலிருந்து வீரபாண்டியின் மனைவி மாரியம்மாள் போனில் பேசினாள்.

“நாளான்னைக்கு வெள்ளிக்கெழம அவுக கரைக்காரவுக வாராகளாம். நிச்சயப் பொடவையத் திருப்பி வாங்கிட்டுப் போக.”

“சந்தியா என்ன சொல்லுது?”

“அது என்ன சொல்லும்? மடிச்சு வச்ச பொடவைய எடுத்து மறுபடி மறுபடி மடிக்கிது. சோறு எறங்கல. நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீக. அந்தப் பரிவட்டத்த வாங்கிட்டு வந்து என் தலமாட்டுல வச்சா எனக்கு ஒறக்கம் வருமா?”

“கரை முடிவு மாரி. நான் ஒருத்தன் என்ன செய்ய?”

அவள் போனை வைத்த சூட்டோடு இன்னொரு அழைப்பு. சவுதி எண்.

“மாமா, முகிலன் பேசுறேன்.”

“சொல்லுய்யா.”

“வெள்ளிக்கிழமை பொடவைய வாங்கப் போறாங்களாம்.”

“பெரியவுக எடுத்த முடிவுய்யா.”

“நீங்க பெரியவங்க இல்லையா மாமா?”

வீரபாண்டி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். எதிர்ப்பக்கம் ஜுபைல் ஆலையின் சைரன் கேட்டது.

“மன்னிச்சுக்கங்க மாமா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் பண்ணேன். நேத்து பெரியப்பா, அப்பா, நான் மூணு பேரும் லைன்ல இருந்தோம். பெரியப்பா உங்களக் கண்டபடி பேசுனாரு. அப்பாவும் பேசுனாரு, இல்லன்னு சொல்லல. அப்புறம் பெரியப்பா சொன்னாரு, ‘பெத்த தாயி சாவுக்கு வராம அவன் மகளுக்காக லீவ விட்டுக்குடுத்தியே, அந்த நன்றி இருக்கா அவனுக்கு?’ன்னு. அதக் கேட்டதும் அப்பாவுக்கு வந்துச்சு பாருங்க கோவம். ‘அதப் பேசாத. அத எதுக்கு இதுல இழுக்குற? அது வேற’ன்னு சொல்லிட்டு லைன வச்சுட்டாரு. அவ்வளவுதான் மாமா. டூட்டிக்கு மணி அடிச்சிட்டாங்க, வைக்கிறேன்.”

வீரபாண்டி போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். தட்டில் சோறு காய்ந்தது.

சந்தியாவுக்கு அப்போது மூன்று வயது. இதயத்தில் ஓட்டை, உடனே மதுரையில் ஆபரேஷன் என்றார்கள். கம்பெனியில் தச்சர்களுக்கு லீவு முறை வைத்துத்தான். அப்போது முறை நாகலிங்கத்தினுடையது. மூன்று வருஷம் காத்திருந்து கிடைத்த முறை. “எனக்கென்ன மாப்ள அவசரம், நீ போ. பிள்ளையப் பாரு” என்று தன் டிக்கெட்டை வீரபாண்டி பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். வீரபாண்டி மதுரை ஆஸ்பத்திரியில் மகளின் கட்டிலருகே நின்றுகொண்டிருந்த அந்த நாட்களில், ஊரில் நாகலிங்கத்தின் தாய் திடீரென்று இறந்துபோனாள். இரண்டு தச்சர்களை ஒரே நேரத்தில் விட முடியாது என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. மகன் இல்லாமலே அந்தத் தாய் சுடுகாட்டுக்குப் போனாள். அன்றைக்கு நாகலிங்கம் டூட்டிக்குப் போய், பலகை அடித்துவிட்டுத்தான் ரூமுக்கு வந்தாராம்.

சந்தியா பிழைத்தாள். இன்றைக்கு ஊர்க்காரர்களின் ரத்தத்தை ஊசியில் எடுத்துப் பார்க்கும் அளவுக்கு வளர்ந்து நிற்கிறாள். அவள் நெஞ்சு துடிக்கிற ஒவ்வொரு துடிப்பிலும் அந்த மனிதருடைய பங்கு இருக்கிறது. இந்த மூன்று மாதத்தில், நேரில் பேசாவிட்டாலும், கரைக் குழுக்கள் வழியாக இரண்டு பேரும் எத்தனை வார்த்தை வீசிக்கொண்டார்கள். குலம், கோத்திரம், அப்பன், பாட்டன் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் நாகலிங்கம் இந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் வீரபாண்டி அன்றைக்கே தோற்றிருப்பார். அது நாகலிங்கத்துக்கும் தெரியும்.

கண் கலங்கியது. ஆனாலும் மனுஷ மனம் லேசில் இறங்குமா? அவரே முதலில் வந்து பேசட்டும் என்று ஒரு குரல் உள்ளே இன்னும் முரண்டு பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலை லாரி ஷார்ஜாவுக்குக் கிளம்பியது. ரோலா பக்கத்து நெரிசலில் நின்று நின்று, அரங்கத்துக்கு வந்து சேர வெயில் ஏறிவிட்டது. மேடைத் துண்டுகளைப் பொருத்தினார்கள். நாலு பேர் பிடித்துக் குதிரையை நிறுத்தினார்கள். ராஜாவை ஏற்றினார்கள். பிறகு வீரபாண்டி தன் ஜெனோவாக்காரரைத் தூக்கிவந்து முன்துண்டில் இறக்கினார். குதிரையின் வலப்பக்கம். நாகலிங்கம் தன் வெனிஸ்காரரைத் தூக்கிவந்தார். பின்துண்டில் அவர் போட்டு வைத்திருந்த துளையும் வலப்பக்கம்.

இரண்டு வணிகர்களும் ஒரே பக்கத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒரே வாரை எட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குதிரையின் இடப்பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை.

சாகிர் பாய் மேடையை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“எடது பக்கம் மாஃபி, ஒண்ணுமே இல்ல” என்றார் கடைசியில். “என்னங்கய்யா இது, குதிரை ஒருக்களிச்சு விழுந்துடப் போகுது.”

“ஜெனோவாவுக்குத்தானே வலப்பக்கம்? மேடம் சொன்னாங்கல்ல. அதான் வழக்கம்” என்றார் வீரபாண்டி, சாகிர் பாயைப் பார்த்து.

“அன்னைக்கு வலப்பக்கத்தப் பிடிச்சது வெனிஸ்காரன்தானே? அதையும் மேடம்தான் சொன்னாங்க. நடந்ததத்தானே செய்யணும்?” என்றார் நாகலிங்கம், அவரும் சாகிர் பாயைப் பார்த்து.

“துளை போடுறதுக்கு முன்னாடி ஒருத்தர ஒருத்தர் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?” என்றார் சாகிர் பாய்.

இருவரும் அவரவர் பொம்மையின் பாதத்தைக் குனிந்து பார்த்தார்கள்.

தாமரை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். திட்டப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தாள்.

“மேடம், நான் பிரிச்சு அந்தப் பக்கம் மாத்திடுறேன். அரை நாள் வேலைதான்” என்றார் வீரபாண்டி.

“வேண்டாங்கண்ணா. இப்படியே இருக்கட்டும். நான் வரைஞ்சது சண்டைக்கு முந்துன நிமிஷம். நீங்க செஞ்சிருக்குறதுதான் சண்டை.”

“பாக்குறவங்க சிரிப்பாங்களே” என்றார் நாகலிங்கம்.

“சிரிக்கட்டுங்க. அப்புறம் பக்கத்துல போர்டுல மீதிக் கதையப் படிப்பாங்க. அப்ப சிரிப்பு நின்னுரும்.”

“மீதி என்ன மேடம்?” என்று கேட்டார் வீரபாண்டி. குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

தாமரை குதிரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அன்னைக்கு வாரை ரெண்டு பேருகிட்ட இருந்தும் பிடுங்கி, ராஜ குடும்பத்து ஆளுங்களே பிடிச்சுட்டு நடந்தாங்க. விருந்துல மறுபடி ஆரம்பிச்சுது. முதல்ல சாப்பாட்டைத் தூக்கி எறிஞ்சாங்களாம், அப்புறம் கத்தி. தீவுக்காரங்க வெனிஸோட சேர்ந்துக்கிட்டு ஜெனோவாக்காரங்கள மாடி ஜன்னல் வழியாத் தூக்கிப் போட்டாங்க, அவங்க கிடங்கெல்லாம் கொள்ளை. அடுத்த வருஷம் ஜெனோவாவுலேர்ந்து கப்பல் கப்பலாப் படை வந்துச்சு. அந்தத் துறைமுகத்தை அவங்களே எடுத்துக்கிட்டாங்க, கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம். வியாபாரிங்க ஒவ்வொருத்தராக் கிளம்பிட்டாங்க. ராஜ்யம் அதுக்கப்புறமும் பேருக்கு இருந்துச்சு. ஆனா நிமிரவே இல்ல. எகிப்துலேர்ந்து வந்த படை ஒரு ராஜாவையே சிறை பிடிச்சுட்டுப் போச்சு. கடைசியா இருந்த ராணி, தீவை வெனிஸ் கையில குடுத்துட்டு எறங்கிப் போனாங்க.”

“அந்தப் பணக்கார வியாபாரிங்க?” என்றார் சாகிர் பாய்.

“அதுல ஒரு பெரிய குடும்பம். ராஜாவையே வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வெச்சவங்க. அந்த வீட்டுப் பசங்கள்ல ஒருத்தர் பின்னால மிட்டாய் வித்தாராம், இன்னொருத்தர் மாதா கோயில்ல மணி அடிச்சாராம். ஒரு பழைய வரலாற்றுல எழுதியிருக்குது.” அவள் எழுந்துகொண்டாள். “வாரைப் பிடிச்சவங்க நாட்டுக்கு ஒண்ணும் ஆகலீங்க. ஜெனோவாவும் வெனிஸும் அங்கேயேதான் இருந்துச்சு. போனது யாரோட வீடுன்னு பாருங்க.”

வீரபாண்டி தன் ஜெனோவாக்காரரின் முகத்தைப் பார்த்தார். தாடியை நன்றாகத்தான் செதுக்கியிருந்தார். அந்த முகத்தில் இருந்த வீம்பும் அவர் செதுக்கியதுதான். யாரைப் பார்த்துச் செதுக்கினோம் என்று இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மிட்டாய் விற்ற பிள்ளையைப் பற்றி அவர் நினைக்கவில்லை. மடித்த புடவையை மறுபடி மடிக்கும் ஒரு பெண்ணைப் பற்றி நினைத்தார்.

அரங்கத்துக்கு வெளியே, லாரியின் நிழலில் நின்று, அவர் போனை எடுத்தார். வடக்குக்கரைக் குழுவில் குரல் பதிவு செய்தார். நல்ல சத்தமாக, சாமான் இறக்கிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி பேசினார்.

“எல்லாருக்கும் வணக்கம். வீரபாண்டி பேசுறேன். நம்ம கரைக்கு மூத்தவன் நான். முதல் பரிவட்டம் என் தலைக்கு வரவேண்டியது. அத நான் விட்டுக்குடுக்குறேன். தெற்குக்கரைக்கே முதல்ல கட்டட்டும், தேர் ஓடட்டும். நமக்கு ரெண்டாவது போதும். என் மகளோட நிச்சயப் பொடவை எங்க வீட்ட விட்டுப் போகாது. பொண்ண நாகலிங்கம் மச்சான் வீட்டுக்குத்தான் குடுக்கப்போறேன். அந்தப் பிள்ளை இன்னைக்கு உசுரோட நிக்கிதுன்னா அதுக்குக் காரணம் அவரு. பெத்த தாய் மொகத்தப் பாக்காம, எனக்கு வழி விட்டவரு. அவருக்கு முன்னாடி என் தலையில ஒரு துணி ஏறுனா, அது எனக்கு மரியாதை இல்ல. கோவப்படுறவுக கோவப்படுங்க. நான் கும்பிட்டுக் கேட்டுக்குறேன்.”

அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், கையில் ட்ரில் மெஷினோடு நாகலிங்கம் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

வீரபாண்டி ஏதோ சொல்ல வந்தார்.

“மாப்ள” என்றார் நாகலிங்கம். மூன்று மாதத்தில் முதல் வார்த்தை. “ஒயரு எட்டல. அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ எடு.”

வீரபாண்டி எடுத்துக் கொடுத்தார். வாங்கிய கை திரும்பிப் போகாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. ஐம்பதை நெருங்கும் இரண்டு ஆண்கள், ஷார்ஜா வெயிலில், ஒரு லாரிக்குப் பின்னால், முகத்தை முகம் பார்க்காமல் அழுதார்கள். சாகிர் பாய் அந்தப் பக்கம் வந்தவர், பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பினார். “யல்லா, யல்லா, உள்ள போங்க, இங்க ஒண்ணும் இல்ல” என்று மற்றவர்களையும் விரட்டிக்கொண்டு போனார்.

பிறகு மாரியம்மாளுக்குப் போன் போட்டபோது, பேசியவர் நாகலிங்கம். “தங்கச்சி, பொடவைய யாரு வந்து கேட்டாலும் குடுக்காத. நாகலிங்கம் சொன்னான்னு சொல்லு. எங்க அண்ணன் வந்தா காப்பி குடுத்து அனுப்பு.” மறுமுனையில் “ஏட்டி சந்தியா” என்று மாரியம்மாள் உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டது கேட்டது.

எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று சொன்னால் அது பொய். வடக்குக்கரைக் குழுவிலிருந்து வீரபாண்டியை நீக்கிவிட்டார்கள். ‘கரையை விற்றவன்’ என்றார்கள். கூடப் பிறந்த தம்பி பேச்சை நிறுத்தினார். மார்கழியில்தான் ஊர்ப் பெரியவர்கள் கூடி, அடுத்த ஆனியில் தேர் ஓடும், முதல் பரிவட்டம் தெற்குக்கரைக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வடக்குக்கரைக்காரர்களில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் அதில் மனமில்லை. அந்த முதல் மரியாதை வீரபாண்டியின் தலைக்கு இனி வராது. அவருக்கு அது தெரியும். அந்த ஆசை இருந்த இடம் சில நாள் வலிக்கத்தான் செய்தது.

தையில் கல்யாணம். பட்டறையில் இருவருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைத்தது. தாமரையும் சாகிர் பாயும் மேனேஜரிடம் போய் நின்று வாங்கிக் கொடுத்தது. அன்றைக்கு ஒரு லீவு இல்லாமல் ஒரு தாயின் முகம் தப்பிப்போனது. இன்றைக்கு இரண்டு லீவு சேர்ந்து கிடைத்து இரண்டு பேரும் ஒரே விமானத்தில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில், ஊருக்குப் போனார்கள். ஜன்னலோரத்தை வீரபாண்டி நாகலிங்கத்துக்கு விட்டார். நாகலிங்கம் வீரபாண்டிக்கு விட்டார். பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டபிறகுதான் உட்கார்ந்தார்கள்.

அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் சம்பந்திக்கு உருமா கட்டுவது என்று ஒரு வழக்கம் உண்டு. தாலி ஏறியதும் மாப்பிள்ளையின் தகப்பனார் பெண்ணின் தகப்பனாருக்குத் தன் கையால் தலைப்பாகை கட்டிவிட வேண்டும். நாகலிங்கம் புதுத் துண்டைப் பிரித்தார். அதை மஞ்சள் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கொண்டுவந்திருந்தார். பரிவட்டத் துணியைக் கோயிலில் அப்படித்தான் நனைப்பார்கள். உருமாத் துண்டை யாரும் நனைப்பதில்லை.

மண்டபத்தில் இரண்டு கரைக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வராமலே இருந்துவிடுவார் என்று நினைத்த தம்பியும் கடைசி வரிசையில் நின்றார். வீரபாண்டி தலையைக் குனிந்தார். ஈரத்துணி நெற்றியைத் தொட்டது. இத்தனை வருஷம் எப்படி இருக்கும், எப்படி இருக்கும் என்று அவர் நினைத்து நினைத்துப் பார்த்த அதே குளிர்ச்சி.

“என்னய்யா தலை இது, ஒரு சுத்துக்குப் பத்தல” என்றார் நாகலிங்கம் அவர் காதோரம். “ஹெல்மெட் போட்டுப் போட்டு வீங்கிப்போச்சா?”

“மச்சான்...”

“சும்மா நில்லு. ஆடுனா அவுந்துரும்.”

மணவறையிலிருந்து சந்தியா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் புடவையை மடித்து மடித்து வைத்தாளோ, அதைத்தான் கட்டியிருந்தாள். முகூர்த்தத்துக்கு எடுத்த பட்டு வேறு இருந்தது. இதுதான் வேண்டும் என்று அவள் சொன்னதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

கண்காட்சி முடிந்து அந்தக் குதிரை அல் கூஸ் பட்டறைக்கே திரும்பி வந்துவிட்டது. கிடங்கின் மூலையில் இன்னும் நிற்கிறது, ராஜாவோடு, வலப்பக்கம் இரண்டு வணிகர்களோடு. மாற்றி வைக்க யாருக்கும் நேரமில்லை. வெள்ளிக்கிழமை கேம்ப்பில் மறுபடி ஒரே அண்டாதான். வீரபாண்டி சில சமயம் அகப்பையைப் பிடித்துக்கொண்டு, “மச்சான், அன்னைக்கு மட்டும் நீங்க அந்த லீவ...” என்று ஆரம்பிப்பார். நன்றியை ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று அவருக்கு.

நாகலிங்கம் முடிக்க விடுவதில்லை.

“அடி பிடிக்குதுய்யா. கிண்டு” என்பார்.